65 நெருங்குகிறது: மெடிகேரில் எதை எடுப்பது, எப்போது எடுப்பது?

மெடிகேர் என்பது 65 வயதானவர்களுக்கு அமெரிக்க அரசு தரும் மருத்துவ இன்ஷூரன்ஸ். அதைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இதுதான். நியூஜெர்சியில் சுமார் 300 பேர் வேலை பார்க்கும் கம்பெனி. கேட்பவர் 1961 ஆகஸ்டில் பிறந்தவர், 2026 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஓய்வு பெறுகிறார். மனைவி 1964 மே மாதம் பிறந்தவர். அமெரிக்காவில் வேலைக்குப் போனதில்லை, கணவரின் கம்பெனி இன்ஷூரன்சில்தான் இருக்கிறார். அந்த இன்ஷூரன்ஸ் ஹை டிடக்டிபிள் பிளான் (முதலில் ஒரு பெரிய தொகையைக் கையிலிருந்து கட்டிய பிறகே இன்ஷூரன்ஸ் தரும்), கூடவே எச்.எஸ்.ஏ. என்ற, மருத்துவச் செலவுக்கான வரிச் சலுகைச் சேமிப்புக் கணக்கும் உண்டு. கணவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகு வருடத்தில் 3 மாதம் சென்னையில் இருப்பதாகத் திட்டம். நண்பர்கள் எல்லாரும் பிரீமியமே இல்லாத அட்வான்டேஜ் பிளானில் இருக்கிறார்கள், அதையே எடுத்துவிடலாமா என்கிறார்.

அட்வான்டேஜா (மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாக வாங்குவது), மெடிகேப்பா (மெடிகேர் கொடுக்காத பங்கை ஈடுகட்டும் தனி இன்ஷூரன்ஸ்) என்பதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். முதலில் தேதிகள். பிளான் தப்பாக அமைந்தால் பெரும்பாலும் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாம். தேதி தவறினால் அபராதம் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். மெடிகேப் என்ற ஒன்றுக்கு மட்டும் கதவு ஒரு தடவைதான் முழுசாகத் திறக்கும்.

நான் தரும் தொகைகள் எல்லாம் 2026-ஆம் ஆண்டுக்கானவை. ஒவ்வொரு வருடமும் கடைசியில் அடுத்த வருடத்துத் தொகை வெளியாகும், அப்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆகஸ்ட் 1-ஆம் தேதி பிறந்தவர் இல்லையென்றால், உங்கள் மெடிகேர் தொடங்கும் மாதம் 2026 ஆகஸ்ட். (1-ஆம் தேதி பிறந்தவர்களுக்கு ஒரு மாதம் முன்னதாகவே, ஜூலையில் தொடங்கிவிடும்.) முதல் பதிவுக் காலம் 7 மாதம்: பிறந்த மாதம், அதற்கு முந்தைய 3, பிந்தைய 3. உங்களுக்கு அது மே முதல் நவம்பர் வரை. சோஷியல் செக்யூரிட்டி பென்ஷன் வாங்க ஆரம்பித்தவர்களுக்குக் கார்டு தானாக வீடு தேடி வரும். நீங்கள் இன்னும் வாங்கவில்லை என்பதால் நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். 1960-லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழுப் பென்ஷன் வயது 67 என்பதால், மெடிகேரும் 67-ல்தான் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மெடிகேர் வயது 65-தான்.

பார்ட் ஏ ஆஸ்பத்திரியில் படுத்துச் சிகிச்சை எடுப்பதற்கு. 40 வேலைக் கிரெடிட், அதாவது சுமார் 10 வருட வேலை இருந்தால் பிரீமியம் இல்லை. உங்களிடம் அது இருக்கும். வேலை பார்க்காத உங்கள் மனைவிக்கும் 65 ஆகும்போது உங்கள் கணக்கை வைத்தே பிரீமியமில்லாமல் கிடைத்துவிடும். பார்ட் பி டாக்டர், ஸ்கேன், லேப், ஆஸ்பத்திரியில் தங்காமல் செய்யும் சிகிச்சை எல்லாவற்றுக்கும். இதற்கு மாதம் 202.90 டாலர் கட்ட வேண்டும்.

கம்பெனியில் 20 பேர் அல்லது அதற்கு மேல் இருந்து, அங்கே நீங்களோ துணையோ இன்னும் வேலையில் இருந்தால், பார்ட் பி-யை அபராதமில்லாமல் தள்ளிப்போடலாம். உங்கள் கம்பெனியில் 300 பேர் என்பதால் சிக்கல் இல்லை. சின்ன கன்சல்டிங் கம்பெனிகளில், 12 பேர், 15 பேர் இருக்கும் இடங்களில் வேலை பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 65 ஆனதும் மெடிகேர்தான் முதலில் பணம் கட்டும், கம்பெனி இன்ஷூரன்ஸ் இரண்டாவது. பார்ட் பி எடுக்காமல் இருந்தால், மெடிகேர் கொடுத்திருக்க வேண்டிய பங்கை நாங்கள் தர மாட்டோம் என்று கம்பெனி இன்ஷூரன்ஸ் கையை விரித்துவிடலாம். பில் வந்த பிறகுதான் இது தெரியவரும்.

இப்போது எச்.எஸ்.ஏ. இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். மெடிகேரின் எந்தப் பகுதியில் சேர்ந்தாலும், பிரீமியமில்லாத பார்ட் ஏ ஆனாலும், அந்த மாதத்திலிருந்து எச்.எஸ்.ஏ.-யில் பணம் போடும் தகுதி போய்விடும். அதனால், டிசம்பர் வரை பார்ட் ஏ-யும் வேண்டாம், ஓய்வு பெற்றதும் சேர்ந்துகொள்வோம், அதுவரை எச்.எஸ்.ஏ.-யில் போட்டுக்கொண்டிருக்கலாம் என்று தோன்றும். உங்களுக்கு அது நடக்காது. 65-ஐத் தாண்டி விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பார்ட் ஏ 6 மாதம் வரை பின்தேதியிட்டுத் தொடங்கும். 65 ஆன மாதத்துக்கு முன்னால் மட்டும் போகாது. 2027 ஜனவரியில் விண்ணப்பித்தாலும் அது ஆகஸ்ட் வரை பின்னால் போய் நிற்கும். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போட்ட பணம் முழுக்க அதிகப்படி ஆகிவிடும். அதை வரித் தாக்கல் கெடுவுக்குள் வெளியே எடுக்காவிட்டால் வருடா வருடம் 6 சதவீதம் வரி.

ஆகவே ஜூலைச் சம்பளத்தோடு எச்.எஸ்.ஏ. பிடித்தத்தை நிறுத்திவிடுங்கள். 2026-க்குக் குடும்பக் கணக்கின் உச்சவரம்பு 8,750 டாலர், 55 வயதுக்கு மேல் கூடுதலாக 1,000. உங்களுக்குத் தகுதியுள்ளது 7 மாதம்: 9,750-ஐ 12-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் 5,687.50. கம்பெனி போடும் பணமும் இதற்குள் அடக்கம். அதை மறந்துவிட்டுத் தன் பங்கை மட்டும் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். உங்கள் மனைவிக்கு இன்னும் மெடிகேர் இல்லை, ஹை டிடக்டிபிள் பிளானில் இருக்கிறார் என்பதால், அவர் பெயரில் தனியாக ஒரு எச்.எஸ்.ஏ. திறந்து, குடும்ப வரம்பில் நீங்கள் போட்டது போக மீதியைப் போடலாம். 55 தாண்டியவர் என்பதால் அவருடைய 1,000-மும் உண்டு.

எப்படியும் ஆகஸ்டுக்குத்தான் பார்ட் ஏ போகப்போகிறது என்றால், அதை இப்போதே முறையாக எடுத்துவிடுவதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. அது உங்கள் மனைவிக்கு.

நீங்கள் ஓய்வு பெறும்போது அவருக்கு 62. மெடிகேருக்கு 2029 மே வரை காத்திருக்க வேண்டும். வேலை முடிந்தால் கோப்ரா என்ற சட்ட உரிமையில் கம்பெனி இன்ஷூரன்சைச் சொந்தப் பணத்தில் 18 மாதம் தொடரலாம் என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. அதன்படி பார்த்தால் 2028 ஜூன் மாதத்தோடு முடிந்து, கிட்டத்தட்ட 10 மாதம் அந்தரத்தில் நிற்கும். ஆனால் வேலை முடிவதற்கு முந்தைய 18 மாதத்துக்குள் ஊழியர் மெடிகேரில் சேர்ந்திருந்தால், துணைக்குக் கோப்ரா அந்த மெடிகேர் தேதியிலிருந்து 36 மாதம் வரை நீளும். பார்ட் ஏ 2026 ஆகஸ்ட் 1 முதல் என்றால், உங்கள் மனைவிக்கு 2029 ஜூலை கடைசி வரை கோப்ரா உரிமை உண்டு. மே மாதம் அவருடைய மெடிகேர் வந்துவிடும். இடைவெளியே இல்லை. கோப்ராவை அவர் மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம், நீங்கள் சேரத் தேவையில்லை. கடிதத்தில் 18 மாதம் என்று போட்டு வந்தால், பார்ட் ஏ தொடங்கிய தேதி அச்சிட்ட மெடிகேர் கார்டின் நகலோடு எழுத்தில் திருத்தம் கேளுங்கள்.

கோப்ரா மலிவில்லை. கம்பெனி இதுவரை கட்டிவந்த பங்கும் சேர்த்து மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை வாங்குவார்கள். அதனால் தனிநபர்கள் நேரடியாக இன்ஷூரன்ஸ் வாங்கும் ஒபாமாகேர் சந்தையிலும் விலை பாருங்கள். அங்கே மானியம் வருமானத்தைப் பொறுத்தது. ஓய்வுக்குப் பின் எவ்வளவு வருமானம் காட்டப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவு மாறும். உங்கள் எச்.எஸ்.ஏ. பணத்தில் மனைவியின் கோப்ரா பிரீமியம் கட்டலாம், உங்கள் பார்ட் பி, பார்ட் டி (மெடிகேரின் மருந்துப் பகுதி) பிரீமியமும் கட்டலாம். மெடிகேப் பிரீமியம் மட்டும் கட்டக்கூடாது.

கோப்ராவில் இன்னொரு பொறி. வேலை முடிந்தபின் கோப்ராவோ ரிட்டயர்மென்ட் இன்ஷூரன்சோ இருக்கிறதே, பார்ட் பி அப்புறம் எடுப்போம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அபராதமில்லாமல் பார்ட் பி எடுக்க 8 மாத அவகாசம் உண்டுதான். ஆனால் வேலையோ, வேலையால் கிடைத்த இன்ஷூரன்சோ, எது முதலில் முடிகிறதோ அன்றிலிருந்து எண்ண வேண்டும். கோப்ரா அந்தக் கடிகாரத்தை நிறுத்தாது. 8 மாதம் தாண்டினால் அடுத்த ஜனவரி முதல் மார்ச் வரைதான் மறுபடி பதிவு. தாமதமான ஒவ்வொரு முழு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம், பார்ட் பி இருக்கும் காலம் முழுக்க.

சரி, உங்கள் பார்ட் பி எப்போது? ஜனவரி 1-ஆம் தேதி கையில் இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழி.

முதல் வழி நவம்பரில் விண்ணப்பிப்பது. அது உங்கள் முதல் பதிவுக் காலத்தின் கடைசி மாதம். அப்போது சேர்ந்தால் அடுத்த மாதமே, டிசம்பர் 1-ல் தொடங்கும். ஒரு மாதப் பிரீமியம் கூடுதலாகப் போகும், ஆனால் கம்பெனியிடம் எந்தச் சான்றும் வாங்க வேண்டாம். இரண்டாவது வழி, டிசம்பர் பிறந்த பிறகு, வேலையில் இருப்பவர்களுக்கான சிறப்புப் பதிவில் ஜனவரி 1 தொடக்கம் கேட்டு விண்ணப்பிப்பது. இதற்கு சி.எம்.எஸ்.-40பி என்ற விண்ணப்பத்தோடு, சி.எம்.எஸ்.-எல்564 என்ற படிவத்தில் கம்பெனி எச்.ஆர். கையெழுத்தும் வேண்டும். டிசம்பர் கடைசியில் எச்.ஆர். ஆட்களைப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்று உங்களுக்குத் தெரியும். 202.90 போனால் போகட்டும் என்று நவம்பரிலேயே முடித்துவிடுவது நல்லது என்பேன். எந்த வழியில் போனாலும் எல்564 படிவத்தை ஒரு கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பார்ட் பி தாமதம் என்று கேள்வி வந்தால் உதவும்.

பென்ஷன் வாங்காதவர்களுக்குப் பார்ட் பி பிரீமியம் 3 மாதத்துக்கு ஒருமுறை பில்லாக வரும். முதல் பில்லைப் பார்த்து அதிர வேண்டாம். வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் பிடிக்கச் சொல்லி வைத்தால், சென்னையில் இருக்கும்போது பில் தவறி இன்ஷூரன்ஸ் ரத்தாகும் அபாயம் இருக்காது.

202.90 என்பது எல்லாருக்கும் இல்லை. வருமானம் அதிகமானால் இர்மா என்ற கூடுதல் கட்டணம் சேரும். அதற்கு 2 வருடத்துக்கு முந்தைய வரித் தாக்கலைப் பார்ப்பார்கள்: 2026-க்கு 2024, 2027-க்கு 2025. கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2026-இல் எல்லை 218,000 டாலர். அதைத் தாண்டிய முதல் படியிலேயே பார்ட் பி மாதம் 284.10 ஆகும், பார்ட் டி-யில் 14.50 கூடும். இது படிக்கட்டு மாதிரி. எல்லையை ஒரு டாலர் தாண்டினாலும் அந்தப் படி முழுக்கக் கட்ட வேண்டும்.

நீங்கள் வேலையை விடுவதால் 2027 வருமானம் குறையும். வேலை நின்றது என்பது சோஷியல் செக்யூரிட்டி ஏற்றுக்கொள்ளும் காரணங்களில் ஒன்று. ஜனவரியில் எஸ்.எஸ்.ஏ.-44 படிவத்தில் 2027-க்கு எதிர்பார்க்கும் வருமானத்தை எழுதி, ஓய்வு பெற்ற கடிதத்தோடு கொடுத்தால் கூடுதல் கட்டணத்தைக் குறைப்பார்கள். ஆனால் ஊரில் இருக்கும் மனையை விற்று வந்த லாபத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. மதுரையில் அப்பா விட்டுப்போன இடத்தை 2027-இல் விற்றால், அந்த லாபம் அமெரிக்க வரித் தாக்கலில் ஏறி, 2029-இல் உங்கள் பார்ட் பி பில்லாக வந்து நிற்கும். அந்த வருடம் உங்கள் மனைவியும் மெடிகேரில் சேர்ந்திருப்பார், அடி இருவருக்கும் விழும். 401-கே என்ற கம்பெனி ஓய்வுச் சேமிப்புப் பணத்தை, வரி கட்டிய பணத்தைப் போடும் ராத் ஓய்வுக் கணக்குக்கு மாற்றுவதும் இதே மாதிரிதான். விற்பதை 2 வரி ஆண்டுகளில் பிரிக்க முடியுமா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

இனி பெரிய கேள்வி.

ஏ, பி இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் பார்ட் ஏ டிடக்டிபிள் 1,736 டாலர். இது வருடத்துக்கு ஒருமுறை என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. வெளியே வந்து 60 நாள் தாண்டிய பிறகு மறுபடி சேர்ந்தால் மறுபடியும் 1,736. பார்ட் பி-யில் 283 டாலர் டிடக்டிபிளுக்குப் பிறகு 20 சதவீதம் உங்கள் தலையில். அந்த 20 சதவீதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. புற்றுநோய்க்கு ஊசி, கதிர்வீச்சு என்று மெடிகேர் ஏற்றுக்கொண்ட தொகை ஒரு லட்சம் டாலர் ஆனால், உங்கள் பங்கு கிட்டத்தட்ட 20,000.

இந்த ஓட்டையை அடைக்க இரண்டு வழி. ஒன்று, ஏ, பி-யோடு மெடிகேப்பும் தனி பார்ட் டி-யும். மற்றது, எல்லாவற்றையும் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கும் அட்வான்டேஜ் பிளான்.

மெடிகேப் பிளான்களுக்கு எழுத்துப் பெயர்கள் இருக்கும். ஒரே எழுத்துப் பிளானில் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படைப் பலன்கள் ஒன்றே. மாசசூசெட்ஸ், மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்கள் மட்டும் தனி வழி. 2020 ஜனவரி 1-க்குப் பிறகு 65 ஆனவர்களுக்கு எஃப், சி பிளான்கள் கிடையாது. மிஞ்சியவற்றில் பார்க்க வேண்டியவை ஜி-யும் என்-உம். ஜி எடுத்தால் வருடத்துக்கு அந்த 283 டாலரோடு சரி, மெடிகேர் ஏற்கும் சிகிச்சைக்கு வேறு எதுவும் கையிலிருந்து போகாது. என் பிளானில் டாக்டரைப் பார்க்க 20 டாலர் வரை, எமர்ஜென்சிக்குப் போய் அட்மிட் ஆகாமல் திரும்பினால் 50 டாலர் வரை கொடுக்க வேண்டும். மெடிகேர் கட்டணத்தை ஏற்காத டாக்டர் சட்டப்படி 15 சதவீதம் வரை கூடுதலாக வாங்கினால் அதையும் என் கொடுக்காது. பக்கத்துப் பென்சில்வேனியாவில் அந்தக் கூடுதல் வசூலுக்கே தடை, நியூஜெர்சியில் அப்படித் தடை இல்லை. இரண்டு பிளானுக்கும் பிரீமிய வித்தியாசம் மாதம் 20, 25 டாலர்தான் என்றால் ஜி எடுப்பேன், அதற்கு மேல் போனால் என்.

பலன் ஒன்றே என்பதால் எந்தக் கம்பெனி என்பதில் பார்க்க வேண்டியது விலையும், விலையை ஏற்றிய வரலாறும்தான். இந்த வருடப் பிரீமியத்தை மட்டும் சொல்லும் ஏஜென்டிடம், கடந்த 5 வருடத்தில் இந்தப் பிளானை எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். வயது ஏற ஏறக் கூடும் முறையா, வயதைப் பார்க்காத முறையா என்பதையும் கேளுங்கள். 65 வயதில் மலிவாகத் தெரிவது 75-இல் அப்படி இருக்காது.

முன்னால் சொன்ன கதவு இதுதான். பார்ட் பி தொடங்கிய நாளிலிருந்து 6 மாதம், எந்த மெடிகேப் கம்பெனியும் உங்கள் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது, கூடுதல் விலையும் சொல்ல முடியாது. டிசம்பர் 1-ல் பார்ட் பி தொடங்கினால் 2027 மே 31 வரை. அதற்குப் பிறகு சர்க்கரை எவ்வளவு, இதயத்தில் ஸ்டென்ட் உண்டா, என்ன மருந்து என்று கேட்டு மறுக்கலாம். நியூயார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில்தான் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். நியூஜெர்சி அந்தப் பட்டியலில் இல்லை.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பொய் இல்லை. பிரீமியமில்லாத அட்வான்டேஜ் பிளான் உண்டு. பார்ட் பி-யின் 202.90-ஐ மட்டும் எப்போதும்போலக் கட்ட வேண்டும். மருந்து பிளானும் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், பல், கண்ணாடிக்கும் ஏதோ கொஞ்சம் தருவார்கள். உடம்பு நன்றாக இருக்கும் வருடங்களில் மெடிகேப்பை விட நிச்சயம் செலவு குறைவு. உச்சவரம்பும் உண்டு: நெட்வொர்க்குக்குள் (பிளானோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளுக்குள்) அதிகபட்சம் 9,250 டாலர், பல பிளான்களில் அதற்கும் குறைவு. இதற்கு விலையாக நெட்வொர்க்குக்குள் இருக்க வேண்டும், ஸ்கேன், ஆபரேஷன், மறுவாழ்வு மையம் என்று பலவற்றுக்கு முன் அனுமதி வேண்டும். பக்கவாதம் வந்தவரை மறுவாழ்வு மையத்தில் இன்னும் 10 நாள் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி, கம்பெனி போதும் என்று சொல்லும் இடத்தில்தான் இந்த வித்தியாசம் தெரியும்.

ஒரிஜினல் மெடிகேரிலும், அதாவது அரசே நடத்தும் ஏ, பி-யிலும், இந்த இடத்தில் ஒரு ஓட்டை உண்டு. மறுவாழ்வு நர்சிங் மையத்துக்குப் பணம் கொடுக்க, அதற்குமுன் 3 நாள் தொடர்ந்து உள்நோயாளியாக ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டும். கட்டிலில் 3 ராத்திரி படுத்திருந்தாலும், கணக்கில் அப்சர்வேஷன் (அட்மிட் செய்யாமல் கண்காணிப்பில் மட்டும்) என்று போட்டிருந்தால் அது சேராது. அட்மிட் ஆனதும் வீட்டார் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இன்பேஷண்டா, அப்சர்வேஷனா என்பது. பல அட்வான்டேஜ் பிளான்களில் இந்த 3 நாள் விதி கிடையாது.

ஒரு வருடம் அட்வான்டேஜில் இருந்து பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் மெடிகேப்புக்கு வரலாமே என்பார்கள். அப்படி ஒரு 12 மாத உரிமை இருக்கிறது, ஆனால் அது 65-இல் பார்ட் ஏ தகுதி வந்ததும் நேராக அட்வான்டேஜில் சேர்ந்தவர்களுக்கு. நீங்கள் ஆகஸ்டில் ஏ எடுத்து ஜனவரியில் அட்வான்டேஜில் சேர்ந்தால் இது செல்லாமல் போகலாம், அதை நம்பி இறங்காதீர்கள். ஒருவேளை அட்வான்டேஜ் எடுத்தால் மார்ச் 31-ஐ காலண்டரில் குறித்து வைத்து, மனம் மாறுவதாக இருந்தால் அதற்குள் மாறிவிடுங்கள். ஜனவரி முதல் மார்ச் கடைசி வரை அட்வான்டேஜிலிருந்து ஒருமுறை வெளியே வர வசதி உண்டு. மெடிகேப் கம்பெனி ஏற்றுக்கொண்டதை உறுதி செய்த பிறகே வெளியேறுங்கள்.

உங்கள் விஷயத்தில் சென்னை இருக்கிறது. இந்தியாவில் நடக்கும் சிகிச்சைக்கு ஒரிஜினல் மெடிகேர் பணம் தராது. மெடிகேப் ஜி-யிலும் என்-னிலும் வெளிநாட்டு எமர்ஜென்சிக்கு ஒரு பலன் உண்டு: 250 டாலர் டிடக்டிபிள் போக 80 சதவீதம், வாழ்நாளில் மொத்தம் 50,000 டாலர் வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாளில் தொடங்கிய எமர்ஜென்சிக்கு மட்டும். நீங்கள் 90 நாள் இருக்கப்போகிறீர்கள், கடைசி 30 நாள் வெறுங்கைதான். அட்வான்டேஜ் பிளான்கள் சிலவற்றில் உலகளாவிய எமர்ஜென்சி இருக்கும். எவ்வளவு வரை, ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகும் உண்டா என்று பிளான் கையேட்டில் படித்துப் பாருங்கள், ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது. அட்வான்டேஜில் இன்னொன்று: பிளானின் பகுதியை விட்டு தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் பொதுவாகப் பிளானிலிருந்து நீக்கிவிடுவார்கள். உங்கள் 3 மாதத்துக்குப் பிரச்சினை இல்லை. பேரக்குழந்தை, கல்யாணம் என்று நீண்டுகொண்டே போனால் பிரச்சினை.

எந்தப் பிளானானாலும் சென்னையில் ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து கட்டிவிட்டு இங்கே வந்து கேட்க வேண்டியிருக்கும். இனம் பிரித்த பில், டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் கட்டிய ரசீது மூன்றும் ஆங்கிலத்தில், ஆஸ்பத்திரி சீலோடு வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். முட்டி மாற்று, கண்புரை என்று திட்டமிட்டுச் செய்வதற்கு எதிலுமே கிடைக்காது. மீதி நாட்களுக்குப் பயண இன்ஷூரன்ஸ் வாங்கும்போது ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷரால் வருவது சேருமா என்பதைப் பாருங்கள். அது சேராத பாலிசி உங்களுக்குப் பிரயோஜனமில்லை. பல் வேலையை அங்கேயே முடித்துக்கொண்டு வருகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரிஜினல் மெடிகேர் வழக்கமான பல் சிகிச்சையைத் தொடுவதே இல்லை.

உங்களுக்கு நான் சொல்வது ஒரிஜினல் மெடிகேர், மெடிகேப் ஜி, தனி பார்ட் டி. காரணம் சர்க்கரை. இன்றைக்கு மாத்திரையோடு போகிறது. 10 வருடத்தில் கண், சிறுநீரகம், இதயம் என்று தனித்தனி டாக்டர்கள் சேர்வார்கள், அப்போது மெடிகேப் கேட்டால் கிடைக்காது. மாதப் பிரீமியம் கட்டுவது உண்மையிலேயே கஷ்டம் என்றால் மட்டும் அட்வான்டேஜ், அதுவும் உங்கள் டாக்டர்களும் நீங்கள் போகும் ஆஸ்பத்திரியும் நெட்வொர்க்கில் இருக்கிறார்களா என்று அவர்களிடமே போனில் கேட்ட பிறகு.

பார்ட் டி-யை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை எடுங்கள், ஜனவரி 1-ல் தொடங்கும். பார்ட் ஏ இருந்தாலே இதற்குத் தகுதி உண்டு. பிரீமியத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். மெடிகேர் அரசுத் தளத்தில் மருந்தின் பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை என்பதோடு உங்கள் மருந்துக்கடையையும் போட்டால் வருட மொத்தச் செலவு வரிசையாக வரும். அதே பிளானில் கடையை மாற்றினாலே நூற்றுக்கணக்கில் வித்தியாசம் வருவதுண்டு. உதாரணத்துக்கு, ஜானுவியா என்ற சர்க்கரை மருந்துக்கு அரசு பேசி முடித்த விலை 2026-இல் மாதம் 113 டாலர், வருடத்துக்கு 1,356. 615 டாலர் டிடக்டிபிளும் அதற்குப் பிறகு 25 சதவீதமும் உள்ள சாதாரண அமைப்பில், உங்கள் கையிலிருந்து போவது 615-ம் மீதி 741-இல் கால் பங்கான 185-ம், சுமார் 800. எல்லா மருந்தும் சேர்ந்து 2,100 டாலரைத் தொட்டால் அந்த வருடம் மேற்கொண்டு எதுவும் கட்ட வேண்டாம். பிளான் பட்டியலில் இல்லாத மருந்து இந்தக் கணக்கில் ஏறாது. மெட்பார்மின் மாதிரி பழைய மாத்திரைகளுக்குச் செலவு மிகக் குறைவு. ஊருக்குப் போகும்போது 90 நாள் மருந்து வேண்டும் என்று கடையில் 2 வாரம் முன்பே சொல்லுங்கள், பிளான் அனுமதிக்க நேரம் எடுக்கும்.

ஒரு விஷயம் மட்டும் கம்பெனியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் இன்ஷூரன்சின் மருந்துப் பகுதி மெடிகேருக்கு இணையானதா? அக்டோபர் 15-க்கு முன் வருடா வருடம் ஒரு கடிதம் வரும். ஹை டிடக்டிபிள் பிளான்களில் சில இப்போது இணையில்லாதவை. இணையில்லாவிட்டாலும் உங்களுக்கு அபராதம் வராது: பதிவுக் காலம் நவம்பர் 30-ல் முடிகிறது, ஜனவரி 1-ல் பார்ட் டி தொடங்கிவிடும், நடுவில் 31 நாள்தான், 63 நாள் தொடர்ந்து இல்லாமல் இருந்தால்தான் அபராதம். 67, 68 வரை வேலை பார்க்கிறவர்கள்தான் மாட்டுவார்கள். 24 மாதம் தவறவிட்டால் தேசிய அடிப்படைப் பிரீமியமான 38.99 டாலரில் 24 சதவீதம், சுமார் 9.40 டாலர், மாதா மாதம், பார்ட் டி இருக்கும் வரை.

கிரீன் கார்டில் வந்த அப்பா அம்மாவுக்கு மெடிகேர் கிடைக்குமா என்றும் இதோடு பலர் கேட்பதால் சுருக்கமாக. 65 ஆகி, கிரீன் கார்டோடு இங்கே 5 வருடம் தொடர்ந்து வசித்திருந்தால் காசு கொடுத்துச் சேரலாம். பிள்ளையின் வேலைக் கணக்கும், இந்தியாவில் பார்த்த வேலையும் இதற்கு உதவாது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. பார்ட் ஏ மாதம் 565 டாலர், பார்ட் பி 202.90, ஒருவருக்கு. பி-யும் பார்ட் டி-யும் மட்டும் எடுக்கலாம், ஆனால் ஆஸ்பத்திரியில் தங்கும் செலவு முழுக்க வெளியே நிற்கும், மெடிகேப்போ அட்வான்டேஜோ எடுக்கவும் முடியாது. 5 வருடம் முடிகிற மாதத்தை ஒட்டிய பதிவுக் காலத்தை விட்டுவிட்டால் இவர்களுக்கும் அபராதம் உண்டு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் கவுண்டியில் ஷிப் என்ற இலவச ஆலோசனைச் சேவையில் நேரம் வாங்கி, மருந்துப் பட்டியலோடு போய் உட்காருங்கள். அவர்களுக்குக் கமிஷன் கிடையாது. நீங்கள் கேட்காமல் மெடிகேர் என்று சொல்லிப் போன் வந்தால் வைத்துவிடுங்கள். அப்படிக் கூப்பிட்டு பிளான் விற்க ஏஜென்டுகளுக்கு அனுமதி இல்லை. கார்டில் இருக்கும், எழுத்தும் இலக்கமும் கலந்த 11 இட எண்ணை போனில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இப்போதைக்கு மேசைமேல் நிற்கும் வேலைகள்: மே முதல் ஜூலைக்குள் சோஷியல் செக்யூரிட்டி தளத்தில் பார்ட் ஏ மட்டும் கேட்டு விண்ணப்பம், அந்தப் பக்கத்திலேயே பார்ட் பி வேண்டுமா என்ற கேள்வி வரும், அதற்கு இல்லை என்று பதில் போடுங்கள். ஜூலையோடு எச்.எஸ்.ஏ. பிடித்தம் நிறுத்தம். அக்டோபர் 15-க்குப் பிறகு பார்ட் டி. நவம்பர் முதல் வாரம் பார்ட் பி, கூடவே ஜனவரி 1 தொடக்கத்துக்கு மெடிகேப் விண்ணப்பம். ஜனவரியில் எஸ்.எஸ்.ஏ.-44. மனைவியின் கோப்ரா கடிதம் வந்ததும் 60 நாளுக்குள் பதில்.